கிரைண்டரா, மிக்சியா? காரைக்குடி மாவுக்கு எது?

காரைக்குடியில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் வீட்டுக்கு மிக்சி எப்படியும் வந்துவிடும். மசாலா வறுத்துப் பொடிக்கவும் தேங்காய் அரைக்கவும் அது இல்லாமல் முடியாது. இட்லி மாவுக்கும் அதுவே போதுமா, கிரைண்டரும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2011இல் தமிழக அரசு இரண்டையும் விலையின்றிக் கொடுக்கத் தொடங்கியபின் பல வீடுகளில் இரண்டுமே இருக்கின்றன. ஆனாலும் கழுவச் சோம்பல்பட்டுக் கிரைண்டரைப் பரணில் ஏற்றியவர்கள் உண்டு.

அரிசியை எதில் அரைத்தாலும் பெரிய வேறுபாடில்லை. உளுந்தில்தான் எல்லாம் தெரியும். கிரைண்டரில் கல்லோடு கல் உரசி உளுந்து மெதுவாக நசுங்கும், காற்றும் கலக்கும். நீர் தெளித்துத் தெளித்து அரைமணி நேரம் ஓட்டினால் பந்துபோலப் பொங்கி வரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மிக்சி பிளேடு உளுந்தை வெட்டித் தள்ளுகிறது. அந்த வேகத்தில் ஜாரும் சூடாகிறது, மாவும் சூடாகிறது.

சூடு ஏன் கெடுதல்? லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்தோடேயே வருகின்றன. அவை விடும் கரியமில வாயுவை உளுந்தின் வழவழப்பும் புரதமும் பிடித்து வைப்பதால் மாவு உப்புகிறது. கிரைண்டரும் மிக்சியும் அரைத்ததோடு நின்றுவிடும். புளிப்பது காரைக்குடி வெயிலின் கையில். சித்திரையில் சூடான மாவை வெளியே வைத்தால் பொங்குவதற்குமுன் புளித்துவிடும்.

மிக்சிதான் கதி என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், விட்டுவிட்டு ஓட்டுங்கள். கிரைண்டரில் ஒரு பங்கு உளுந்துக்கு நாலு பங்கு அரிசி தாங்கும். மிக்சியில் மூன்றோடு நிறுத்துவது நல்லது. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு புளிக்கவே வேண்டாம். ஆனால் வெண்ணெய்போல மைய அரைபட வேண்டும். அந்த நைசு கிரைண்டரில் எளிதாக வரும்.

கரண்ட் பயம் வேண்டாம். 150 வாட் மோட்டார் உள்ள டேபிள் டாப் கிரைண்டர் 50 நிமிடம் ஓடினால் செலவு 0.125 யூனிட். 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினாலும் அதேதான். கிரைண்டரின் உண்மையான குறைகள் கனமும், அடைக்கும் இடமும், கழுவும் வேலையும்.

இரண்டே பேர், வாரம் ஒருநாள் இட்லி என்றால் மிக்சி போதும். அதற்கு மேல் இட்லி, தோசை, பணியாரம் என்று புழங்கும் வீட்டுக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் வாங்குங்கள்; மாவுக்காக அதிக வாட் மிக்சி தேடிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். புதுக் கல்லில் முதலில் அரைக்கும் மாவில் கல்தூள் இருக்கும், அதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் அரைத்தவுடனே உப்புப் போட்டுக் கரையுங்கள். புளிப்பு கொஞ்சம் தாமதப்படும்.