அலைவரிசையின் நான்கு வாயில்கள்: ஒளிபரப்புச் சட்டங்களும் சேரி மக்களும்

அங்காளம்மன் கோயிலால் அறியப்படும் மேல்மலையனூரில், ஒரு சேரி வீட்டுத் தொலைக்காட்சியில் எது தெரிய வேண்டும் என்பதை நான்கு தரப்பினர் முடிவு செய்கின்றனர். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அலைவரிசைக்கு அனுமதி அளிக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டணத்தை வரையறுக்கிறது. கேபிள் நிறுவனம் வரிசை எண் வழங்குகிறது. மாவட்ட நிர்வாகம் ஒளிபரப்பை நிறுத்தும் அதிகாரம் பெற்றிருக்கிறது. இந்த நான்கு வாயில்களிலும் தலித் மக்கள் இழப்பது என்ன, கேட்டுப் பெறக்கூடியது என்ன என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அனுமதி

வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அலைக்கற்றை பொதுச்சொத்து என்றது. அரசின் பிடியில் இல்லாத பொது அமைப்பு ஒன்று அதனை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆயினும் உள்ளடக்கம் குறித்த அதிகாரம் இன்றுவரை அமைச்சகத்திடமே உள்ளது.

செயற்கைக்கோள் செய்தி அலைவரிசை தொடங்க விரும்பும் நிறுவனத்தின் நிகர மதிப்பு குறைந்தது 20 கோடி ரூபாயாக இருக்க வேண்டும் என்பது விதி. நிலமும் மூலதனமும் மறுக்கப்பட்ட சமூகத்திற்கு இவ்விதி எவ்வளவு உயரமான மதில் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருப்பதையும், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அவற்றில் இல்லாததையும் கண்டறிந்தது.

கட்டணமும் வரிசை எண்ணும்

தமிழ்நாட்டில் 2006 முதல் வழங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சி, ஏழை வீடுகளையும் கேபிள் வணிகத்தின் சந்தையாக்கியது. தனியார் நிறுவனங்களின் ஆதிக்கத்திற்கு மாற்றாக 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2011இல் அது மீண்டும் இயக்கப்பட்டபோது மாதக் கட்டணம் 70 ரூபாய். டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாயானது. 18 விழுக்காடு வரியைச் சேர்த்து அது அப்போது 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டண அலைவரிசைகளுக்குத் தனி விலை. தினக்கூலிக் குடும்பம் ஒன்றிற்கு இது சிறு உயர்வன்று.

விநியோகம் அரசின் கையில் இருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2018 ஜூனில் கோவையில் நடத்திய விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்குப் பதியப்பட்டது. அதனையடுத்து அரசு கேபிளில் அந்த அலைவரிசை முன்வரிசையிலிருந்து 499ஆம் எண்ணுக்குத் தள்ளப்பட்டது. தடையாணை எதுவுமின்றியே ஓர் அலைவரிசையைப் பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியும் என்பதற்கு இது சான்று. மாநில அரசுகள் ஒளிபரப்பு, விநியோகத் தொழில்களில் இறங்கக் கூடாது என டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்திருந்தது.

சொல்லின் மீதான கட்டுப்பாடு

2018 ஆகஸ்ட் 7 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பம்பாய் உயர்நீதிமன்ற நாக்பூர் அமர்வின் ஆணையைச் சுட்டி, ‘தலித்’ என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு அது கேட்டுக்கொண்டது. ‘பட்டியல் சாதி’ என்பது அரசு ஆவணத்தின் பெயர். ‘தலித்’ என்பது ஒடுக்கப்பட்டோர் போராடித் தமக்குச் சூட்டிக்கொண்ட அரசியல் பெயர். அதனைத் திரையிலிருந்து அகற்றினால், வன்கொடுமைச் செய்தி தன் வரலாற்றை இழந்து வெறும் ‘இருதரப்பு மோதல்’ ஆகிவிடும்.

சமுதாய வானொலி

2006ஆம் ஆண்டுக் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் சமுதாய வானொலியைத் திறந்துவிட்டது. தெலங்கானாவின் மச்நூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி, 2008 அக்டோபர் 15இல் ஒலிக்கத் தொடங்கியது. 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் நிலையத்தை அமைத்தும், உரிமத்திற்காக அவர்கள் ஏறத்தாழப் பத்தாண்டு காத்திருந்தனர். தமிழில் இத்தகைய முயற்சிக்கு விழுப்புரம் மாவட்டச் சேரிகளும் தகுதியான களமே. எனினும் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறுஒலிபரப்பு மட்டுமே செய்யலாம். பக்கத்துச் சேரி தாக்கப்பட்டாலும் அச்செய்தியைத் தானாகச் சொல்ல அந்த நிலையத்திற்கு உரிமையில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஒழுங்குமுறையே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடன்று. சாதி இழிவை விற்கும் நிகழ்ச்சிகளை எதிர்க்கச் சட்டம் வேண்டும். அதற்கான கருவிகள் சில ஏற்கெனவே உள்ளன.

முதலாவது, கேபிள் விதிகளின் 6ஆம் விதி. சமூகங்களைத் தாக்கும் உள்ளடக்கத்தை அது தடை செய்கிறது. 2021 திருத்தத்தின்படி பார்வையாளர் தம் முறையீட்டை முதலில் அலைவரிசைக்கே அனுப்ப வேண்டும். 15 நாள்களில் அது முடிவைத் தெரிவிக்க வேண்டும். நிறைவளிக்காவிடில் தன்னொழுங்கு அமைப்பிடமும், பின்னர் துறைகளிடைக் குழுவிடமும் செல்லலாம்.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவு. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீது பகைமையைத் தூண்டும் பேச்சு அதன்படி குற்றமாகும்.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கேபிள் கண்காணிப்புக் குழு. கேபிள் ஒளிபரப்பைத் தடுக்கும் அதிகாரமும் ஆட்சியர், சார் ஆட்சியர் நிலையில் உள்ளது. அவ்வதிகாரம் எவருக்கு எதிராகப் பயன்படுகிறது என்பதை நாம் கண்காணிக்க வேண்டும். விழுப்புரத்தில் இக்குழு எத்தனை முறை கூடியது, அதில் தலித் உறுப்பினர் உண்டா, எத்தனை முறையீடுகள் வந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். விடையளிக்க அலுவலகத்திற்குள்ள காலம் 30 நாள்.