யார் வீட்டு முற்றம்?

பெரு நாட்டுக் குஸ்கோ நகரில், நடுச்சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் சுமாரான வாடகைக்கு அறை எடுத்தவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஜன்னல் தெருவைப் பார்ப்பதில்லை; தாழ்வாரத்தைப் பார்க்கிறது. திரையை விலக்கினால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு மச்சு பிச்சு ரயிலைப் பிடிக்க ஒருவர் பெட்டியை உருட்டினால் கட்டடம் முழுக்க விழித்துக்கொள்கிறது. குளியலறையை அறையின் ஒரு மூலையில் திணித்து வைத்திருக்கிறார்கள். சுவர் அத்தனை தடிமன், வைஃபை அதைத் தாண்டி வர மறுக்கிறது. வெந்நீர் வரும், ஆனால் அதற்குத் தோன்றும்போதுதான் வரும்.

இந்தக் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. காரணம் எளிது. இந்த விடுதிகள் பலவற்றை யாரும் விடுதியாகக் கட்டவில்லை. யாரோ குடியிருக்கக் கட்டிய வீடு, கை மாறிக் கை மாறிக் கடைசியில் வரவேற்பு மேசையும் சாவிப் பலகையும் வைத்துக்கொண்டது. அங்கே இந்த ரகத்துக்கு 'ஓஸ்தால்' என்று பெயர். பெரு அரசின் விதிப்படி 6 அறை இருந்தால் ஓஸ்தால் நடத்தலாம். ஹோட்டல் என்று பலகை மாட்ட 20 அறை வேண்டும். பழைய வீட்டுக்குள் 20 அறை எடுப்பது சிரமம், 6 எடுத்துவிடலாம்.

இந்த ஓஸ்தாலின் மூதாதை யார் என்று கேட்டால் சுற்றுலா வழிகாட்டிகள் உடனே 'தாம்போ'வைக் காட்டுவார்கள். இன்காக்களின் நெடுஞ்சாலை வலையில், ஏறக்குறைய ஒரு நாள் நடைக்கு ஒன்றாக இருந்த சத்திரம் அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. தாம்போவில் யார் வேண்டுமானாலும் போய்த் தங்கிவிட முடியாது. படைக்கும், அரசு அதிகாரிக்கும், அரசு வேலையாகப் போகிறவனுக்கும்தான் அங்கே இடம். காசு கொடுத்துத் தங்கலாம் என்றால், இன்கா ஆட்சியில் காசே கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் முறை வைத்து வந்து தாம்போவைப் பராமரித்தார்கள்; அதுவே அவர்கள் கட்டிய வரி.

ஸ்பானியர்கள் வந்ததும் அந்த ஏற்பாட்டைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். சாப்பாடும் சுமைகூலியும் இலவசம் என்று எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களை வதைத்தார்கள். கொடுமை எல்லை மீறியதால் 1543இல் ஆளுநர் வாகா தே காஸ்த்ரோ தாம்போக்களுக்கென்றே ஒரு சட்டத்தொகுப்பு போட வேண்டிவந்தது: எந்தப் பாதையில் எந்தத் தாம்போ, எந்த ஊரார் அதற்குப் பொறுப்பு, ஒரு ஆள்மீது எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று. பிறகு தாம்போ கழுதைக்காரர்களின் இடமாயிற்று. கோவேறு கழுதை, சரக்கு மூட்டை, எல்லாம் ஒரே முற்றத்தில். கௌரவமான பயணிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் அறிமுகக் கடிதத்தோடு வந்து பெரிய வீடுகளில் விருந்தாளியாக இறங்கினார்கள். ஆக, நம் ஓஸ்தாலைத் தாம்போவின் பேரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் பெற்றது வீடு.

அந்த வீடு இன்காக்களின் 'கன்சா'வில் தொடங்குகிறது. செவ்வகமான மதில், ஒரே ஒரு வாசல், நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றி முற்றத்தைப் பார்த்த அறைகள். தெருப்பக்கம் வெறும் கல். குஸ்கோவின் மையம் முழுக்க இப்படிப்பட்ட கன்சாக்கள்தாம். இன்று லொரேத்தோ சந்தில் நடந்தால் இரு புறமும் ஜன்னலே இல்லாத கற்சுவர் நீள்வதைப் பார்க்கலாம். 1533 நவம்பரில் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் ஆட்கள் நகருக்குள் நுழைந்தார்கள். அடுத்த மார்ச்சில் அதையே ஸ்பானிய நகரமாக அறிவித்து, கன்சாக்களைத் துண்டு போட்டு மனைகளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இடித்துத் தரைமட்டமாக்கும் சிரமம் எதற்கு என்று பல இடங்களில் கீழ்ச்சுவரை அப்படியே வைத்து மேலே எழுப்பினார்கள். 1536இல் இன்கா அரசன் மான்கோ இன்கா நகரை முற்றுகையிட்டு, பழுக்கக் காய்ச்சிய கற்களைக் கவண் வைத்து வீசிக் கூரைகளைக் கொளுத்தினான். எல்லாம் புல் வேய்ந்த கூரை, நகரமே எரிந்தது. இன்றைக்கு மொட்டைமாடியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் சிவப்பு ஓடு அதற்குப் பின்னால் வந்தது.

கீழே இன்காக்காரன் கல், மேலே ஸ்பானியன் எழுப்பிய பச்சை மண்கல் என்ற இந்த ஒட்டுவேலையைச் சில ஓஸ்தால்களில் படுக்கையறைக்குள்ளேயே பார்க்கலாம். இன்காச் சுவர் செங்குத்தாக நிற்காது. மேலே போகப் போகப் பின்னால் சாயும். அதை ஒட்டி அலமாரியை வைத்தால் அடியில் சுவரைத் தொடும், உச்சியில் நாலு விரல் இடைவெளி விடும். இடுப்புயரத்துக்கோ ஆள் உயரத்துக்கோ கல் முடிந்ததும், வெள்ளையடித்த மண்சுவர் தொடங்கும். முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் கனம். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு அந்தக் கனம் தேவை. 3,400 மீட்டர் உயரத்தில் ஜூன், ஜூலை இரவுகள் உறைநிலையைத் தொட்டுப் பார்க்கும். கணப்பு வேண்டுமென்றால் பல விடுதிகளில் தனிக் காசு. ஆகவே அந்த மண்சுவரும், படுத்தால் புரள விடாத கனத்த கம்பளிகளும்தான் துணை.

1650 மார்ச் 31இல் பூகம்பம் நகரைக் குலைத்துப் போட்டது. திருப்பிக் கட்டியபோது காலனிய வீட்டின் அச்சு உறுதிப்பட்டது. தெருவில் பெரிய மரக்கதவு, அதற்குள் மாட்டுவண்டி நுழையும் அகலத்தில் ரேழி, பிறகு கல் பாவிய முதல் முற்றம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், மேல்தளத்திலும் தாழ்வாரம். முதல் முற்றம் எஜமானருக்கு. அதற்குப் பின்னால் இரண்டாம் முற்றம்: சமையல், விறகு, கழுதை, வேலையாட்கள். தெருவைப் பார்த்த கீழ் அறைகளைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இன்றும் ஓஸ்தால் என்ற பலகையை நம்பிப் போனால் முன்னால் மருந்துக்கடையும் நாணயமாற்றுக் கடையும்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருட்டாக ஒரு ரேழி உள்ளே கூப்பிடும்.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. சீமான் வீடு, அப்புறம் விடுதி. நடுவே ஒரு படி விட்டுப்போகிறது. என் கணக்கில் அதுதான் முக்கியமான படி.

20ஆம் நூற்றாண்டில் குஸ்கோவின் நிலப்பிரபுக்கள் பழைய நகரத்தை விட்டு நகரத் தொடங்கினார்கள். 1908இல் ரயில் வந்தது. வசதி உள்ளவர்கள் புதிய சாலைகளுக்கும், இன்னும் வசதி உள்ளவர்கள் லிமாவுக்கும் போனார்கள். வீட்டைப் பூட்டிப் போடவில்லை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். கதவு தாழ்வாரத்தில் திறக்கிறது, எனவே ஒவ்வோர் அறையும் தனி வீடு ஆகிவிடும். குழாய் முற்றத்தில் ஒன்று. கழிப்பறை பொது. பெரு எழுத்தாளர் ஹோசே மரியா ஆர்கெதாஸின் 'ஆழமான நதிகள்' நாவல் (1958) தொடங்குவதே இப்படி ஒரு குஸ்கோ வீட்டில்தான். பணக்கார உறவினரை நாடி மகனோடு வருகிற அப்பாவுக்குக் கிடைப்பது பின்கட்டில் கரி படிந்த ஒரு சமையலறை. எந்த முற்றத்தில் இடம் தருகிறார்கள் என்பதிலேயே விருந்தாளிக்குத் தன் தகுதி தெரிந்துவிடும்.

1950 மே 21, ஞாயிற்றுக்கிழமை மதியம், மறுபடியும் பூகம்பம். கால்பந்து ஆட்டம் பார்க்கப் பெருங்கூட்டம் போயிருந்ததால் பலர் தப்பித்தார்கள். வீடுகள் தப்பவில்லை, பாதிக்கும் மேல் குடியிருக்க லாயக்கற்றுப் போயின. கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் கூப்ளர் தலைமையில் யுனெஸ்கோ அனுப்பிய குழு எதை இடிப்பது, எதைக் காப்பாற்றுவது என்று அறிக்கை தந்தது. அதன் பிறகு 1969 ஜூன் 24: வெலாஸ்கோ அல்வராதோவின் ராணுவ அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அறிவித்தது. பெரிய பண்ணைகள் கை மாறின. மலைப்பண்ணையில் விளைந்த பணத்தில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த நகரத்து வீட்டுக்கு இனி அந்தப் பணம் இல்லை.

அதே காலத்தில் மறுபக்கம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1911இல் அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்காம் மச்சு பிச்சுவைப் பார்த்ததையும், 1913இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அதை ஓர் இதழ் முழுக்கப் போட்டதையும் உலகம் மறக்கவில்லை. அறுபதுகளில் புது விமான நிலையம் திறந்தது. தோளில் மூட்டை, கையில் கொஞ்சம் டாலர், குளிப்பது பற்றி அதிகக் கவலையில்லாத இளைஞர்கள் வந்திறங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது என்ன? மலிவான தனி அறை, பூட்டக்கூடிய கதவு, பொதுவில் ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அந்த ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. அறைக்கு ஒரு குடும்பம் இருந்த இடத்தில் அறைக்கு ஒரு பயணி. மாத வாடகைக்குப் பதில் நாள் வாடகை. 'பொதுக் குளியலறை' என்று இன்றும் விலைப்பட்டியலில் ஒரு வரி இருக்கிறதே, அது அந்த ஒண்டுக்குடித்தனத்தின் மிச்சம். ஓஸ்தாலின் பாட்டி வேண்டுமானால் சீமான் வீடாக இருக்கலாம். பெற்ற தாய் ஒண்டுக்குடித்தனம்தான்.

தனிக் குளியலறை பின்னால் வந்தது, வம்போடு வந்தது. பச்சை மண்கல்லுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. சுவருக்குள் குழாய் பதித்து, அது கசிந்தால், வெளியே தெரியும்போது சுவர் உள்ளே குழைந்து போயிருக்கும். ஜனவரி, பிப்ரவரி மழையில் பராமரிப்பில்லாத பழைய வீடுகளின் சுவர் சரிவது குஸ்கோவில் வழக்கமான செய்தி. எனவே குழாய்களைச் சுவருக்கு வெளியே ஓட விட்டார்கள். அறையின் மூலையில் பலகையால் தடுத்துக் குளியலறை ஆக்கினார்கள். வெந்நீருக்குச் சுலப வழி, தண்ணீர் விழும் தலையிலேயே மின்கம்பி வைத்த ஷவர்: வேகமாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர், மெல்லத் திறந்தால் சூடு. குழாயின் பித்தளைப் பிடியைத் தொடும்போது சுருக்கென்றால் அதிர்ச்சி அடையக் கூடாது என்பது பழைய பயணிகளின் நகைச்சுவை. யுனெஸ்கோ 1983இல் நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாரம்பரிய நகரில் நினைத்தபடி சுவரைக் குடைந்து தெருப்பக்கம் ஜன்னல் வைப்பதும் நடக்காது. முற்றத்துக்கு மேல் கண்ணாடித் தகடு போட்டு மூடிக் காலை உணவு அறையாக்குவது மட்டும் நடந்தது. சத்தம் எதிரொலிப்பதற்கு அந்தக் கூரையும் ஒரு காரணம்.

எண்பதுகளில் ஒளிரும் பாதை இயக்கத்தின் உள்நாட்டுப் போர் வாடிக்கையாளர்களை விரட்டியது. 1986 ஜூனில் குஸ்கோவின் சான் பேத்ரோ நிலையத்தில் சுற்றுலா ரயிலில் குண்டு வெடித்து வெளிநாட்டவர் சிலர் செத்தார்கள். 1992 செப்டம்பரில் இயக்கத் தலைவர் குஸ்மான் பிடிபட்ட பிறகுதான் கூட்டம் திரும்பியது. இன்று நமக்குப் பழக்கமான ஓஸ்தால் சடங்குகள் அந்தத் திரும்பி வந்த கூட்டத்தால் நிலைபெற்றவை. வந்ததும் ஃபிளாஸ்க்கில் கோகா இலைத் தேநீர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 90 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும், ஆனாலும் தேநீர் நாக்கைச் சுடத்தான் செய்யும். மேசையடியில் ஓர் ஆக்சிஜன் உருளை. மச்சு பிச்சு போகிறவர்களின் பெரிய பெட்டிகளை வாங்கி வைக்க, படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் நகல் எடுப்பதில் காட்டும் அக்கறைக்குக் காரணம் போலீஸ் மட்டுமில்லை: வெளிநாட்டுப் பயணிக்குத் தங்கும் வாடகையில் விற்பனை வரி கிடையாது, நகல் இல்லாவிட்டால் அந்த வரி விடுதிக்காரர் தலையில் விழும்.

அதே நகரின் சாஃபி தெருவில் ஒரு நிறுவனம் ஏழு மாடி ஹோட்டல் எழுப்பப் போய் இன்காச் சுவர்கள் அழிந்தன; 2019இல் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தையே இடிக்கச் சொன்னது. அதோடு ஒப்பிட்டால் ஓஸ்தால்காரர் நல்லவர், அவரால் எதையும் இடிக்க முடியவில்லை. ஆனால் முழு நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். ஒண்டுக்குடித்தனக்காரர்கள் எல்லாரும் விருப்பப்பட்டுக் காலி செய்தவர்கள் அல்ல. அவர்களில் பலர் மலைச்சரிவுக்கும், விமான நிலையத்தைத் தாண்டிய சான் செபாஸ்டியன், சான் ஹெரோனிமோ பக்கங்களுக்கும் போனார்கள். காலையில் படுக்கை விரிப்பு மாற்ற வருகிற பெண்கள் அங்கிருந்துதான் பேருந்தில் வருகிறார்கள். 2020 மார்ச்சிலிருந்து நவம்பர் வரை மச்சு பிச்சு பூட்டிக் கிடந்தபோது முதலில் வருமானம் நின்றது அவர்களுக்குத்தான்.

குஸ்கோவுக்குப் போகிறவர்கள் அறை கேட்கும்போது ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கலாம்: இரண்டாம் முற்றத்தில் இருக்கிறதா? முதல் முற்றத்து அறைகளுக்குத் தூணும் வளைவும் உண்டு, வாடகையும் அதிகம். சதுக்கத்து இரைச்சல், பெட்டிச் சக்கரம், காலை உணவுத் தட்டு எல்லாம் அங்கேதான். பின்கட்டில் வாடகை குறைவு. வேலையாட்களும் கழுதைகளும் இருந்த பக்கம், கூரை கொஞ்சம் தாழ்வு. குனிந்து நுழைந்துவிட்டால் விடியும்வரை தூங்கலாம்.