போர்க்காலத்து டேனியர் உணவு

புலால் மறுத்தலைத் திருவள்ளுவர் துறவறவியலில் ஓரதிகாரமாக வைத்தோதினார். திருமூலரும் திருமந்திரத்து முதற் றந்திரத்தில் அதனைத் தனியே எடுத்தருளினார். இவ்விரு பெருநூல்களும் அதனை அறத்தின் பாற்படுத்துக் கூறினவேயன்றி உடல்நலம் பற்றிக் கூறினவல்ல. ஆயினும், ஊனுண்ணாதார்க்கு வலி குன்றுமென்னுங் கூற்று மேனாட்டு மருத்துவத்தோடு இந்நாட்டிற் பரவிய காலத்துக் கற்றார் பலர் உள்ளந் தளர்ந்தனர். அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பதனை ஒரு நாடு முழுவதும், தான் விரும்பாமலே, தன்மேலிட்டுத் தேர்ந்த வரலாறொன்றுண்டு. அந்நாடு, 1620-இல் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டி 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றகன்ற டேனியரது டென்மார்க்காகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரத்துக் கார்ல் வாய்ட் என்னும் பேராசிரியர், உழைப்பாளி ஒருவனுக்கு நாடோறும் 118 கிராம் புரதம் வேண்டுமென வரையறுத்தார். அவ்வளவு புரதம் எளிதிற் கிடைப்பது ஊனிலாதலின், ஊனே வலிமைக்கு முதலென்று பலரும் துணிந்தனர். அவ்வளவை அவர் பெற்றது எவ்வாறெனின், நன்றாக உண்டு வாழ்ந்த உழைப்பாளிகள் உண்பதை அளந்தென்க. உண்ணப்படுவது வேறு, வேண்டப்படுவது வேறு என்பது தருக்கநூலின் முதற்பாடம் பயின்றார்க்கும் விளங்கும். அதனை மியூனிக்கிற் கேட்பாரிலர் போலும்!

அதனைக் கேட்டவர்களுள் ஒருவர் மிக்கெல் ஹிந்தெதே. மேலை ஜட்லாந்தில் உழவர் குடியில் 1862-இற் பிறந்து மருத்துவரானவர். இவர் 1895-இல் தம் வீட்டிலேயே தேர்வைத் தொடங்கி, உருளைக்கிழங்கு, ரொட்டி, பழம், சிறிது வெண்ணெய் என்றிவற்றால் வாழ்ந்து குறைவொன்றுங் காணாராயினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துச் சிற்றெண்டன் என்பவரும் வாய்ட் கூறியதிற் பாதிப் புரதமே அமையுமென்று 1904-இல் நூலெழுதினார். 1910-இல் டேனிய அரசு உணவாராய்ச்சிக்கெனக் கோபன்ஹேகனில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவி ஹிந்தெதேயை அதன் தலைவராக்கிற்று. அங்கே பணியாளரொருவர் உருளைக்கிழங்கும் மார்கரீனுமே உண்டு 300 நாளளவும் நலமாக உழைத்தனர். அதுகண்டும் மருத்துவருலகம் பெரிதும் இணங்கவில்லை. ஒருவர் உடம்பு ஒரு நாட்டிற்குச் சான்றாகாதன்றோ?

1914-இற் போர் மூண்டது. டென்மார்க்கு அதிற் சேர்ந்திலது. எனினும் அதன் வாழ்வு கடல்வழி வந்த தீவனத்தைப் பற்றி நின்றது. அயல்நாட்டுத் தானியத்தையும் பிண்ணாக்கையும் பன்றிக்கும் பசுவிற்கும் இட்டு, பன்றியூனையும் வெண்ணெயையும் ஆங்கிலேயர்க்கு விற்பதே அதன் வாணிகம். 1917 பிப்ரவரியில் செருமானியர் நீர்மூழ்கிக் கப்பல்களாற் கடலை மறித்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவும் ஏற்றுமதியைத் தடுத்தது. மக்கள் ஏறக்குறைய 30 இலட்சம்; போருக்கு முன்னெண்ணிய பன்றிகளோ ஏறக்குறைய 25 இலட்சம். உள்ள வாற்கோதுமையும் கம்பரிசியும் கிழங்கும் எவர்க்கு? தானியத்தைப் பன்றிக்கிட்டு அதனூனை உண்ணின், இட்ட உணவில் மிகச் சிறு பகுதியே மீளுமென ஹிந்தெதே அரசினர்க்கு எடுத்துரைத்தார். அதன்படி பன்றிகளுள் ஐந்தில் நான்கு பங்கு குறைக்கப்பட்டன. கறவைமாடுகள் பெரும்பாலும் காக்கப்பட்டன. தவிடு நீக்காத மாவினாற் சுட்ட ரொட்டி, வாற்கோதுமைக் கஞ்சி, கிழங்கு, கீரை, பால், சிறிது வெண்ணெய் என்றிவையே நகரமக்களுக்கு உணவாயின. செருமானியரோ 1916-17-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாட்டிற்கிடும் கிழங்கினை உண்டு பசியால் வாடினர், டேனியர் பசித்திலர்.

ஈண்டொன்று கூறவேண்டும். பன்றிகள் குறைந்தது அருளாலன்று, கொல்லப்பட்டே குறைந்தன. இதனைக் கொல்லாமையின் வரலாறென்று சைவர் கொண்டாடுதல் பிழையாம்.

விளைவு யாதாயிற்றெனின், 1917 அக்டோபர் முதல் ஓராண்டளவில், கோபன்ஹேகனில் 25 முதல் 65 வயதளவுள்ள ஆடவருள் நோயால் இறந்தோர் தொகை முன்னையாண்டுகளினும் மூன்றிலொரு பங்களவு குறைந்தது. ஹிந்தெதே இதனை 1920-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். இதற்கு மறுப்புமுண்டு. தானியத்தைக் காக்கும்பொருட்டு அவ்வாண்டே சாராயத்தின்மேல் வரி ஏற்றப்பட்டு, அதன் விலை பத்து மடங்கின் மேலுயர்ந்தது. குடி குறைந்தமையே இறப்புக் குறைந்தமைக்குக் காரணமாகலாமென்பர். இம்மறுப்பு வலியுடைத்தே. ஆதலின் புலால் நோய் தருமென்பது இவ்வரலாற்றாற் றுணியப்படாது. புலாலின்றி மக்கள் நலிவரென்பதோ மறுக்கப்பட்டொழியும். வழக்கிடை நின்ற வினா பின்னதே.

போர் முடிந்தபின் தீவனக் கப்பல்கள் மீண்டன. 1924-இற் பன்றிகள் முன்னைத் தொகையையுங் கடந்தன. நாவின் வேட்கை அத்துணை எளிதில் அடங்குவதன்று.

இவ்வரலாறு கேட்டு மகிழுந் தமிழர் குன்னூரிலே நடந்ததனையுங் கேட்டல் வேண்டும். அங்கே இராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர், 1920-ஆம் ஆண்டுகளில், இந்திய நாட்டுப் பகுதிகள் பலவற்றின் உணவை எலிகளுக்கிட்டு ஒப்பிட்டார். தவிடு நீக்காத கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் மிக்கு, ஊன் எப்போதாவது சேர்ந்த சீக்கியருணவு முதலில் நின்றது. தீட்டிய அரிசியே பெரும்பகுதியான சென்னை நாட்டுணவு கடைவரிசையில் நின்றது. ஊன் நீங்கினமையாற் கடைப்பட்டதன்று. தவிடும் பாலும் குன்றினமையாற் கடைப்பட்டது. ஜாவாத் தீவில் ஐக்மன் என்பவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் முடங்கக் கண்டு, தவிட்டின் அருமையை முன்னரே உணர்த்தியிருந்தார். அதன்பொருட்டு 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். டேனியர் பன்றித் தொட்டியினின்று மீட்டுண்ட தவிட்டினை, ஆலையரிசி வந்தபின் தமிழர் மாட்டுத் தொட்டிக்கு அளித்தனர்.

பாலின் திறமும் அத்தகையதே. 1948-இற் பிரித்தெடுக்கப்பட்ட பன்னிரண்டாம் பி உயிர்ச்சத்துச் செடிகொடிகளிலில்லை, பாலில் உண்டு. பாலையுந் துறந்து மரக்கறியொன்றே உண்பார் அதனை மருந்தாகவேனும் கொள்ளுதல் வேண்டும்.

நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டின் சத்திற் சிறிது அரிசியினுள்ளே இறங்கும். ஆலையிற் றீட்டினும் அது முற்றும் நீங்காது. தீட்டிய பச்சரிசி மிக்க வடசர்க்கார் மாவட்டங்களிற் பெரிபெரி நோய் நிலைத்திருந்த காலத்தும், புழுங்கலரிசியுண்ட தமிழ் மாவட்டங்களில் அஃது அரிதாயிருந்தது. தூய்மை கருதிப் பச்சரிசியே சமைக்கும் இல்லத்தார், அதனைத் தீட்டாது கைக்குத்தலாகக் கொள்ளின் தூய்மையுங் கெடாது, தவிடும் போகாது.