நாலு தங்கம், ரெண்டு பசங்க, ஒரு மணல் குழி

ஜனவரி ஒண்ணாம் தேதி புது ஷூ வாங்கினேன். பதினேழாம் தேதி அது செருப்பு ஸ்டாண்டுல கடைசித் தட்டுக்குப் போயிடுச்சு. இது மூணாவது வருஷம், மூணாவது ஷூ. கேட்டா காரணம் ரெடியா இருக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம். ராத்திரி பத்தரைக்கு ஆன்சைட்காரனோட கால். காலைல அஞ்சரைக்கே பொண்ணு எழுந்து "அப்பா, பால்"னு மூஞ்சில அடிக்கும். இதுக்கு நடுவுல எங்கேயிருந்து ஓடுறது? மோட்டிவேஷன் வேணும்னு தேடித் தேடிப் படிச்சுக்கிட்டே இருந்தேன், ஓடாம.

அப்படித் தேடினப்போ மாட்டினவர்தான் இந்தப் பதிவோட நாயகி. இவரைப் பத்தி ஏற்கனவே தெரிஞ்சவங்க மன்னிக்கவும். தெரியாதவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க, விஷயம் இருக்கு.

பேரு ஃபேனி பிளாங்கர்ஸ் கூன். நெதர்லாந்துக்காரர். 1918ல பிறந்தவர். முதல்ல நீச்சல்ல இறங்கலாம்னு நினைச்சிருக்கார். அந்த நாட்டுல அப்போவே நல்ல நீச்சல் வீராங்கனைகள் நிறைய பேர் இருந்ததால, "நீ ஓட்டத்துக்குப் போம்மா"ன்னு திருப்பி விட்டுட்டாங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் போனப்போ வயசு 18. பதக்கம் எதுவும் இல்லை. ஆனா ஜெஸ்ஸி ஓவன்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தார். அடுத்த ஒலிம்பிக்ஸ்ல பார்த்துக்கலாம்னுதானே எந்தப் பதினெட்டு வயசுப் பொண்ணும் நினைக்கும்?

அடுத்த ஒலிம்பிக்ஸ் வரவே இல்லை. 1940 போட்டி ரத்து. 1944 போட்டியும் ரத்து. ரெண்டாம் உலகப் போர். 1940 மே மாசம் ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள்ள புகுந்துடுச்சு. அதே வருஷம் ஆகஸ்டுல ஃபேனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேற யாரும் இல்லை, அவரோட கோச் யான் பிளாங்கர்ஸ். 1928 ஒலிம்பிக்ஸ்ல மும்முறைத் தாண்டுதலில் கலந்துக்கிட்டவர், பத்திரிகையாளர். இதுல ஒரு காமெடி என்னன்னா, பொண்ணுங்க விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் வரக்கூடாதுங்கறதுதான் ஐயாவோட ஆரம்பக்கால கொள்கை. காதல் வந்ததும் கொள்கை பறந்துபோச்சு. நம்ம ஊர் கதைதான்!

முதல் பையன் பிறந்தான். "அவ்வளவுதான், அம்மாவாயிட்டார், ஓட்டம் முடிஞ்சது"ன்னு டச்சுப் பத்திரிகைகள் முடிவே கட்டிட்டாங்க. அந்தக் காலத்துல கல்யாணமான வீராங்கனையே அபூர்வம். குழந்தை பெத்தவர் திரும்பி ஓட வர்றதெல்லாம் யாரும் யோசிச்சுக்கூடப் பார்க்காத விஷயம். இவர் சில வாரங்கள்லயே மைதானத்துக்குத் திரும்பிட்டார். நாடு அன்னியப் படைகிட்ட இருக்கு, வெளிநாட்டுப் போட்டி கிடையாது, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அந்த நிலைமையில 1943ல உயரம் தாண்டுதலில் 1.71 மீட்டர், நீளம் தாண்டுதலில் 6.25 மீட்டர்னு ரெண்டு உலக சாதனை பண்ணினார். போர் முடிஞ்சு, கைக்குழந்தையா ரெண்டாவது பொண்ணு இருக்கும்போதே 1946ல ஓஸ்லோ ஐரோப்பியப் போட்டிக்குப் போய் தடை ஓட்டத்துலயும் தொடர் ஓட்டத்துலயும் ஜெயிச்சார்.

இப்போ 1948க்கு வருவோம். லண்டன் ஒலிம்பிக்ஸ். போர்ல அடிபட்ட ஊர், ரேஷன் இன்னும் முடியலை, புதுசா ஒரு ஸ்டேடியம்கூடக் கட்டலை. நமக்கு இது வேற காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். சுதந்திர இந்தியாவோட முதல் ஹாக்கி தங்கம், பிரிட்டனையே 4-0ன்னு அடிச்சது, இதே வெம்ப்ளியில்தான். மொத்தம் 4,104 பேர் கலந்துக்கிட்டாங்க, அதுல பெண்கள் 390 பேர். பத்துல ஒருத்தர்கூட இல்லை.

ஃபேனிக்கு வயசு 30. ரெண்டு பசங்க. "இவருக்கு வயசாயிடுச்சு"ன்னு பிரிட்டிஷ் அணி மேனேஜர் ஜாக் க்ரம்ப் எழுதினார். யான் பிளாங்கர்ஸ் அந்த வரியை விடலை. மனைவி சோர்ந்து போறப்பல்லாம் அதையே சொல்லிச் சொல்லி உசுப்பேத்தினாராம். தடகளத்தில் ஒருத்தர் மூணு தனிநபர் போட்டியிலதான் கலந்துக்கலாம்னு விதி இருந்தது. அதனால உலக சாதனை கையில இருந்தும் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல் ரெண்டையும் விட்டுட்டு, மூணு ஓட்டத்தையும் ஒரு தொடர் ஓட்டத்தையும் எடுத்துக்கிட்டார்.

ஆகஸ்ட் 2. மழையில ஊறிச் சேறான தடத்தில் 100 மீட்டர், 11.9 விநாடி, முதல் தங்கம். ஆகஸ்ட் 4, 80 மீட்டர் தடை ஓட்டம். ஸ்டார்ட் சொதப்பல். பிரிட்டனோட மவுரீன் கார்ட்னர் முன்னால ஓடறார். துரத்திப் பிடிக்கற வேகத்துல ஒரு தடையில இடிச்சு, தடுமாறிக்கிட்டே கோட்டைத் தொட்டார். ரெண்டு பேருக்கும் 11.2 விநாடி. யார் ஜெயிச்சாங்கன்னு தெரியறதுக்குள்ள பேண்டு வாத்தியத்துல பிரிட்டிஷ் தேசிய கீதம். "போச்சுடா, கார்ட்னர்தான்"னு நினைச்சுட்டார் ஃபேனி. அப்புறம்தான் தெரிஞ்சது, அது அரச குடும்பம் ஸ்டேடியத்துக்குள்ள வந்ததுக்கு வாசிச்சதுன்னு. தங்கம் இவருக்குத்தான்.

இதுக்கு அடுத்து நடந்ததுதான் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது. 200 மீட்டர் அரையிறுதிக்கு முன்னாடி, ரெண்டு தங்கம் வாங்கின அந்த அம்மணி உடை மாத்தற அறையில உட்கார்ந்து அழுதிருக்கார். பசங்க ஆம்ஸ்டர்டாம்ல. பத்திரிகைக்காரங்க விடமாட்டேங்கறாங்க. போதும், வீட்டுக்குப் போறேன்னுட்டார். யான் கட்டாயப்படுத்தலை. வேண்டாம்னா வேண்டாம், ஆனா பின்னாடி வருத்தப்படுவேன்னு மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கார். கொஞ்ச நேரம் அழுதுட்டு எழுந்து போய் ஓடினார். இறுதிப் போட்டியில ரெண்டாவதா வந்தவரைவிட 0.7 விநாடி முன்னாடி. 200 மீட்டர்ல அது பெரிய பள்ளத்தாக்கு.

கடைசி, 4×100 மீட்டர் தொடர் ஓட்டம். இதுக்கு முன்னாடி மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போயிட்டு, போட்டிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தாராம்! கடைசிச் சுற்று இவருக்கு. கோல் கைக்கு வரும்போது டச்சு அணி பின்தங்கி இருக்கு. ஒவ்வொருத்தரா முந்தி, கோட்டுக்குக் கிட்டத்துல ஆஸ்திரேலியாவையும் முந்தினார். நாலாவது தங்கம். ஒரே ஒலிம்பிக்ஸ்ல நாலு தங்கம் வாங்கின முதல் பெண். தகுதிச் சுற்றெல்லாம் சேர்த்து எட்டு நாள்ல 11 ஓட்டம்.

பத்திரிகைகள் வெச்ச பட்டப்பேர் "பறக்கும் இல்லத்தரசி". ஆம்ஸ்டர்டாம்ல நாலு குதிரை பூட்டின திறந்த வண்டியில ஊர்வலம். இனிமே இவ்வளவு ஓட வேண்டாம்னு ஒரு சைக்கிள் பரிசு!

சரி, இந்தக் கதையை ராத்திரி சாப்பிடும்போது தங்கமணிகிட்ட ஏத்த இறக்கத்தோட சொன்னேன். "பாரு, முப்பது வயசு, ரெண்டு குழந்தை, போர்க்காலம், என்னா மனவுறுதி!"ன்னு முடிச்சேன். பொண்ணுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அவங்க ஓடும்போது பசங்கள யாரு பாத்துக்கிட்டா?"

எனக்குப் பதில் தெரியலை. நாலு தங்கத்துக்கும் விநாடி சுத்தமா தெரிஞ்ச எனக்கு இது தெரியலை. திரும்பப் போய்த் தேடிப் படிச்சேன்.

படிச்சப்போ முதல்ல கண்ணுல பட்டது, இதே கேள்வியை ஊர் உலகமே ஃபேனிகிட்ட கேட்டிருக்குங்கறது. குழந்தைகளை விட்டுட்டு அரை டிரவுசர் போட்டு ஓடறியே, வீட்டுல இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கோன்னு திட்டிக் கடிதங்கள் வந்திருக்கு. அந்த 3,700 சொச்சம் ஆண்கள்ல எத்தனையோ பேர் அப்பாவா இருந்திருப்பாங்க. "பறக்கும் குடும்பத்தலைவர்"னு யாருக்கும் பட்டப்பேர் வந்ததாத் தெரியலை.

ரெண்டாவது, என் தங்கமணி கேட்டது அந்தக் கேள்வி இல்லைங்கறது. கடிதம் எழுதினவங்க குற்றம் சொல்லக் கேட்டாங்க. இவங்க வழி தெரிஞ்சுக்கக் கேட்டாங்க. காலேஜ்ல 400 மீட்டர் ஓடினவங்க. மாவட்ட அளவுல வாங்கின கப்பு மாமியார் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு, ஸ்பைக்ஸ் ஷூ பரண்ல இருக்கு. நான் மூணு வருஷமா மூணு ஷூ வாங்கியிருக்கேன். அவங்க ஒண்ணுகூட வாங்கலை, நானும் கேட்டதில்லை.

பதிலும் கிடைச்சது, ரொம்பச் சாதாரணமான பதில். வாரத்துல ரெண்டு நாள், ஒவ்வொரு நாளும் ரெண்டு மணி நேரம்தான் ஃபேனியோட பயிற்சி. பசங்களையும் சைக்கிள்ல வெச்சு மைதானத்துக்கே கூட்டிட்டுப் போயிடுவார். அம்மா ஓடுவார், பசங்க நீளம் தாண்டுற மணல் குழியில விளையாடும். கோச்சே புருஷன்ங்கறதால அவரும் அங்கேதான் நிப்பார். நான் மனவுறுதின்னு நினைச்சதுல பாதி, வாரம் நாலு மணி நேரம் யாரோ சேர்ந்து ஒதுக்கிக் கொடுத்தது. எனக்கு மோட்டிவேஷன் இல்லைன்னு நான் புலம்பினது டுபாக்கூர். எனக்கு நேரம் ஒதுக்கித் தர ஒரு ஆள் வீட்டுல இருந்தாங்க, அப்பவும் நான் ஓடலை. அவங்களுக்கு ஒதுக்கித் தர ஆள் இல்லை.

மிச்சக் கதையும் சொல்லிடறேன். 1952 ஹெல்சிங்கிக்கும் போனார், உடம்பு சரியில்லாம தடை ஓட்ட இறுதியில பாதியிலேயே நிறுத்திட்டார். இந்தியா முதன்முதலா பெண்களை ஒலிம்பிக்ஸ் தடகளத்துக்கு அனுப்பினது அந்த ஹெல்சிங்கிக்குத்தான், மேரி டிசோசாவும் நீலிமா கோஷும். ஃபேனி 1955ல ஓய்வு. 1999ல சர்வதேசத் தடகளச் சம்மேளனம் நூற்றாண்டின் சிறந்த வீராங்கனைன்னு இவரை அறிவிச்சப்போ அவரே ஆச்சரியப்பட்டுப் போனார். 2004ல, 85 வயசுல காலமானார்.

நம்ம வீட்டு நிலவரம்: ஆறு வாரமா செவ்வாயும் சனியும் காலைல கார்ப்பரேஷன் கிரவுண்டுக்கு மூணு பேரும் போறோம். செவ்வாய்க்கு முந்தின ராத்திரி கால் வேண்டாம்னு ஆன்சைட்காரன்கிட்ட சொல்லிட்டேன். உலகம் அழியலை. முதல் அரை மணி தங்கமணி ஓடுவாங்க, நான் மணல் குழிக்குக் காவல். அடுத்த அரை மணி எனக்கு. முதல் நாள் ரெண்டு ரவுண்டுலயே மூச்சு வாங்கி நின்னேன். அவங்க அஞ்சு ரவுண்டு. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்!

ஷூ இப்போ கடைசித் தட்டுல இல்லை, வாசல்லயே கிடக்கு. எப்போ போட்டாலும் உள்ளே மணல் இருக்கு. பொண்ணு வேலை.