அடைக்கல ஊர்களும் தர்ம சங்கமும்

திருச்சபையின் நம்பிக்கை மறுமையைப் பற்றியது மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. திருநெல்வேலிச் சபையின் தொடக்க வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது. கிறிஸ்துவை ஏற்றோர் சொந்த ஊராரால் துன்புறுத்தப்பட்டபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் நிலம் வாங்கப்பட்டு, 1799இல் முதலூர் என்னும் அடைக்கல ஊர் தோன்றியது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் இவ்வழியைத் தொடர்ந்தார். பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனாவின் கொடையால் 1827இல் டோனாவூர் எழுந்தது. ஆயினும், அயல்நாட்டுக் கொடையையே நம்பியிருத்தல் சபைக்கு நலமன்று. 1830இல் அமைந்த தர்ம சங்கத்தின் வாயிலாக, விசுவாசிகள் தாமே காணிக்கை ஈந்து, இடருற்ற சகோதரருக்கு நிலமும் வீடும் கிடைக்க வழிசெய்தனர். உதவி பெற்ற சபை உதவும் சபையாயிற்று.

இம்முறையின் குறையையும் நாம் மறைத்தலாகாது. தனி ஊர் பாதுகாப்பளித்தது. அதுவே அயலாரிடமிருந்து விசுவாசிகளைப் பிரித்தும் வைத்தது.

இன்று பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சாலைகளை நாடி வருவோருள், உற்றாரைப் பிரிந்து வாடகை அறைகளில் வாழ்வோர் பலர். அவர்களுக்குத் தனி ஊர் தேவையில்லை. நோயுற்ற நாளிலும் வேலையிழந்த நாளிலும் உடனிருக்கும் சபையே தேவை. அவர்கள் எச்சமயத்தவராயினும், அவர்தம் சுமையில் பங்கேற்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற கடனாகும்.