சின்ன ஸ்பீக்கரில் பேஸ் ஏன் வருவதில்லை? கே.ஜி.எஃப் லைன் வீட்டுக்கு ஒரு கணக்கு

'கே.ஜி.எஃப்' (2018) படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு ரவி பஸ்ரூரின் டிரம் காதில் மட்டுமல்ல, நெஞ்சிலும் விழுந்திருக்கும். அதே டிராக்கை உள்ளங்கையில் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். யாரோ பிஸ்கட் டின்னைத் தட்டுவது போல இருக்கும்.

படத்துக்குப் பெயர் கொடுத்த ஊரில் இது இடப் பிரச்சினையும்கூட. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பலர் இப்போது ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். சின்ன அறை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். ஆளுயரப் பெட்டியை எங்கே வைப்பது? பெங்களூரு பி.ஜி. அறையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஒலி என்பது காற்றைத் தள்ளுவது. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 200 ஹெர்ட்ஸில் இருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 16 மடங்கு. 2 இன்ச் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் 2 மி.மீ. நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 200 ஹெர்ட்ஸில் சுமார் 88 டெசிபல் கிடைக்கும், நல்ல சத்தம். 50 ஹெர்ட்ஸில் அது 64 டெசிபல்தான். அடிநாதம் என்றாலே நம் காது கொஞ்சம் மந்தம். அதனால் அந்த 64 டெசிபல் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். 8 இன்ச் ஸ்பீக்கரின் பரப்பு சுமார் 16 மடங்கு என்பதால், அது அதே 2 மி.மீ. அசைவில் 50 ஹெர்ட்ஸிலும் 88-ஐத் தொட்டுவிடும்.

சரி, கூம்பை இன்னும் அதிகமாக ஆட்டினால் என்ன? அங்கேதான் பெட்டி குறுக்கே வருகிறது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைக்கும். வெளியே 60 ஹெர்ட்ஸில் இயல்பாக ஆடக்கூடிய ஒரு ஸ்பீக்கரை மிகச் சிறிய பெட்டியில் அடைத்தால், அது 120 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடலாம். அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரியும். 1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சூர் இந்தக் காற்று ஸ்பிரிங்கையே சாதகமாக்கி, ஏ.ஆர்-1 என்ற சிறிய பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தார். அதற்குக் கொடுத்த விலை, ஆம்ப்ளிஃபயர் அதிக பவர் தர வேண்டியிருந்தது. இதை ஆன்டன் ஹாஃப்மன் ஒரு விதியாகவே சொல்லிவிட்டார்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம். மூன்றில் இரண்டுதான் உங்களுக்கு.

அப்போது பவர் விலை உயர்ந்தது. இப்போது ஆம்ப்ளிஃபயர் சிப் மலிவு, அதனால் இன்றைய குட்டி ஸ்பீக்கர்கள் மூன்றாவதை விட்டுக்கொடுக்கின்றன. 10 டெசிபல் கூட்ட 10 மடங்கு பவர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள், பேட்டரி சீக்கிரம் தீர்வதில் இதற்கும் பங்கு உண்டு. அமர் போஸ் (அப்பா வங்காளத்தில் இருந்து அமெரிக்கா போனவர்) 1968-ல் கொண்டுவந்த 901 மாடல் இன்னொரு வழி காட்டியது. ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் ஒன்பது சிறியவை, கூடவே அடிநாதத்தைத் தூக்கிவிடும் ஈக்வலைசர்.

பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது இன்னொரு வித்தை. காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே தத்துவம். ஆனால் 1 லிட்டர் பெட்டியை 60 ஹெர்ட்ஸுக்குச் சரிசெய்ய, 2 செ.மீ. அகலக் குழாய் சுமார் 26 செ.மீ. நீளம் வேண்டும். பெட்டியே 10 செ.மீ.தான்! குழாயை ஒல்லியாக்கினால் நீளம் குறையும், ஆனால் காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். அதனால்தான் பல ப்ளூடூத் ஸ்பீக்கர்களின் இரு பக்கமும் மின்சாரம் இல்லாத ரப்பர் தட்டு அதிர்கிறது. குழாய்க் காற்றின் வேலையை அந்தத் தட்டின் எடை செய்கிறது.

கடைசி வித்தை உங்கள் மூளையில் நடக்கிறது. பழைய போன் லைன்களில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. ஆனாலும் 120 ஹெர்ட்ஸ் அளவில் பேசும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. மேல் அதிர்வெண்களை வைத்து, இல்லாத அடிநாதத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருள் இதைப் பயன்படுத்தி 100, 150, 200 ஹெர்ட்ஸ்களைச் சேர்த்து, 50 இருப்பதாக நம்பவைக்கும். ஏமாற்றுதான். ஆனால் எனக்கு அதில் புகார் இல்லை. வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த பி.எம்.பி.ஓ. வாட்ஸைத்தான் நம்பாதீர்கள். எவ்வளவு ஆழம் போகும், எத்தனை டெசிபல் சரிவில் அளந்தார்கள் என்று பாருங்கள்.

காசில்லாத வழியும் உண்டு. ஸ்பீக்கரை மேஜை நடுவில் இருந்து எடுத்து, தரையும் இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பரப்பும் பேஸை 6 டெசிபல் வரை கூட்டும். ரொம்பக் குழம்பினால் சுவரில் இருந்து ஒரு அடி இழுங்கள். 10 அடி நீள அறை சுமார் 56 ஹெர்ட்ஸில் தானாகவே முழங்கும், அதனால் நீங்கள் உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். பீரோ கதவு கடகடத்தால் ஒரு துண்டு அட்டையைச் செருகுங்கள்.

இதில் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கட்சி. சுவர் உயர்ந்த ஒலியை நன்றாகவே தடுக்கும், அடிநாதத்தை அவ்வளவாகத் தடுக்காது. பாட்டு உங்களுக்கு, 'தும் தும்' மட்டும் அவருக்கு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அந்த அளவு 'ஏ' எடையிட்ட டெசிபல். 50 ஹெர்ட்ஸில் அது நிஜ அளவில் இருந்து சுமார் 30-ஐக் கழித்துவிடும். சுவர் அதிரும் 75 டெசிபல் பேஸ், மீட்டரில் 45 என்றுதான் காட்டும். செல்போன் ஆப்பில் அளந்து காட்டி 'லிமிட்டுக்குள்ளதான் இருக்கு' என்று நீங்கள் வாதாடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கம் வராமல் படுத்திருப்பவருக்கு அந்த எண்ணில் எந்த அர்த்தமும் இல்லை. பத்து மணிக்குப் பிறகு ஸ்பீக்கரை மூலையில் இருந்து வெளியே எடுத்து வையுங்கள், அல்லது ஹெட்போனுக்கு மாறுங்கள். காதோடு ஒட்டிய ஹெட்போன் தள்ள வேண்டிய காற்று மிகக் கொஞ்சம் என்பதால், அதில் 50 ஹெர்ட்ஸ் சுலபமாகவே வரும்.