குடிமல்லத்தின் பழம்பெயர்

திருப்பதி மாவட்டம் ஏர்ப்பேட்டை அடுத்த குடிமல்லம், இலிங்கத்தால் அறியப்பட்ட ஊர். கிறித்துவுக்கு முற்பட்டது எனப் பலர் கருதும் அச்சிற்பத்தைக் காணவே ஆய்வாளர் வருகின்றனர். பரசுராமேசுவரர் கோயில் கல்வெட்டுகளை நின்று வாசிப்போர் அரியர்.

பாணர், சோழர் காலத்து அத்தமிழ்க் கல்வெட்டுகளில் ‘குடிமல்லம்’ என்னும் பெயரே இல்லை. ஊர் ‘திருவிப்பிரம்பேடு’ எனப்படுகிறது. ‘விப்பிர’ அந்தணரைக் குறிக்கும் வடசொல். ‘பேடு’ தொண்டை மண்டல ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வரும் ஈறு.  இன்றைய பெயரிலுள்ள ‘குடி’யைத் தமிழ்க் குடியிருப்பாகக் கொள்வது பிழை, தெலுங்கில் அது கோயில். ஆக, குடியேறியோரால் பெயர்பெற்ற ஊர் பின்னர்க் கோயிலால் பெயர்பெற்றது. பெயர் மட்டுமன்று, பெயரிட்ட மொழியும் மாறியது. மாற்றத்தை ஊர் மக்களிடம் கேட்டறிய இயலாது. தெலுங்கு பேசும் அவர்களுக்குப் பழந்தமிழ் எழுத்து வெறும் கீறல். இலிங்கத்தின் காலத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டாக வாதிடும் கல்வியுலகம், அக்கீறல்களை மொழிச்சான்றாக இன்னும் போதிய அளவு நோக்கவில்லை.